கொழும்பில் ஞாயிறு காலைக் கிழங்கு

திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. வெள்ளவத்தையில் வீடு பார்த்துக்கொண்டால் தமிழிலேயே பேசிப் பொழுதை ஓட்டிவிடலாம். ‘காலி வீதி’ என்கிற பிரதான சாலைக் கடைகளில் உளுந்து, பெருங்காயம், நல்லெண்ணெய் எதற்கும் குறைவில்லை. அதனாலேயே இங்கே குடிவருகிற நம் ஊர்க்காரர்கள் பலர் அடுப்படியையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வார நாட்களுக்கு அது சரிதான். ஞாயிறு காலைக்கு மட்டும் இந்த ஊர் உருளைக்கிழங்கைச் செய்து பாருங்கள் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் வீடுகளில் ஞாயிறு என்றால் பூரி. அதற்குக் கிழங்கு மசால்: குழைய வேகவைத்து, கையால் மசித்து, கடலைமாவைக் கரைத்து ஊற்றித் தளதளவென்று இறக்குவோம். இங்கே செய்வது அதற்கு நேர் எதிர். துண்டு உடையக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது, காரம் மேலே ஒட்டியிருக்க வேண்டும். சிங்களவர்கள் ‘அல தெல் தாலா’ என்பார்கள். தமிழ் வீடுகளில் கிழங்குப் பிரட்டல்.

கிழங்கு வாங்குவதில்தான் பாதி வேலை. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு செம்மண் அப்பியபடியே வரும், விலையும் கூட. இறக்குமதியாகும் கிழங்கு கழுவியதுபோல் சுத்தமாக, மலிவாக இருக்கும். அதற்குச் செம்மண்ணைப் பூசி நுவரெலியாக் கிழங்கென்று விற்பதாகப் பத்திரிகைகளில் செய்திகூட வந்திருக்கிறது. எனக்கு மலைநாட்டுக் கிழங்கின் ருசியே தனி. காசு கொஞ்சம் கூடினாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைத்தான் வாங்குகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பிரட்டலை அவரிடம்தான் கற்றேன். “பிள்ளை, கிழங்கைக் குழைய விடாதேங்கோ, ஆறினாப் பிறகு வெட்டுங்கோ” என்றார். இதில் பெரிய விஷயம் இருக்கிறது. வெந்த கிழங்கு ஆறும்போது அதன் மாச்சத்து இறுகிவிடுகிறது. சூட்டோடு வெட்டினால் ஓரமெல்லாம் உதிரும். ஆறியதை வெட்டினால் முனை மழுங்காமல் நிற்கும். அதனால் அரைக் கிலோ கிழங்கைச் சனிக்கிழமை இரவே தோலோடு, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். காலையில் தோலுரித்துப் பெரிய துண்டுகளாக வெட்டினால் போதும்.

அப்புறம் மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மாலைதீவில் செய்வது. விறகுக் கட்டைபோல் இறுகியிருக்கும். உரலில் இட்டு இடிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி போதும். மீன் வாடை தூக்காது, அடியில் ஓர் ஆழமான ருசி வந்து உட்காரும். வெள்ளிக்கிழமைகளில் அக்கா மாசி போடமாட்டார். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பெருஞ்சீரகம் தாளிப்பார், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

அகலமான சட்டியில் தேங்காயெண்ணெய் தாராளமாக. இதில் கஞ்சம் கூடாது. கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, வாசனைக்குப் போடும் நீள இலையான ரம்பையில் ஒரு துண்டு, நீளமாக அரிந்த இரண்டு பெரிய வெங்காயம். ரம்பை எண்ணெயில் பட்டவுடன் வரும் வாசம் புதிதாக வடித்த சோற்றின் வாசம். வெங்காயத்தின் ஓரம் சிவக்கத் தொடங்கும்போது மாசியும், கொரகொரப்பாக இடித்த செத்தல் மிளகாயும், அதாவது நம் காய்ந்த மிளகாயும். நம் ஊர் மிளகாய்த்தூள் இந்த இடத்தில் கருகிவிடும். இடித்த செத்தல்தான் விதையும் தோலுமாகக் கிழங்கின் மேல் ஒட்டிக்கொள்ளும். உடனே கிழங்கைக் கொட்டி, உப்புத் தூவி, தீயைக் கூட்டிவிட்டுக் கரண்டியை ஓரமாக வையுங்கள். ஒரு பக்கம் முறுகியபின் அடியோடு ஒரு பிரட்டு, மறுபடி விட்டுவிடுங்கள். இறக்கியபின் அரைத் தேசிக்காய் (நம் எலுமிச்சை) பிழிந்தால் முடிந்தது.

இதற்குச் சரியான துணை ரோஸ்ட் பாண். பாண் என்றால் ரொட்டி, நம் ஊர் பிரெட். தட்டையாக, மேலும் கீழும் மொறுமொறுவென்று இருக்கும். பீத்தோவன் மெட்டை ஒலித்தபடி தெருவுக்குள் வருகிற பாண் ஆட்டோவில் சில நாள் சுடச்சுடக் கிடைக்கும், இல்லையென்றால் பேக்கரிக்கு நடக்க வேண்டியதுதான். பாணைப் பிய்த்து, சட்டியின் அடியில் தேங்கிய காரமான எண்ணெயை வழித்துச் சாப்பிட வேண்டும். இடியப்பத்தோடும் சேரும், ஆனால் அதற்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் விட்ட ஒரு சொதி வேண்டும். பூரியோடு மட்டும் வேண்டாம். எண்ணெய்க்கு மேல் எண்ணெய் ஆகிவிடும்.

ரம்பைக்குக் கடைக்குப் போவதில்லை இப்போது. அக்கா தந்த கன்று பால்கனித் தொட்டியில் நிற்கிறது. கொழும்பின் ஈரக்காற்று அதற்கு ரொம்பப் பிடித்திருக்கிறது போல, தண்டைச் சுற்றிக் குட்டிகள் விட்டிருக்கின்றன. கீழ்வீட்டுக்குப் புதிதாக மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுக்கப் போகிறேன்.