வாய்க்காலில் புதுத்தண்ணீர்: 60 படங்களை இழந்து மறுபடி வரைந்தது

மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடையில் எங்கள் ஊர் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணையைத் தாண்டி ஆறும் வாய்க்காலுமாகப் பிரிந்து தண்ணீர் எங்களிடம் வந்து சேரப் பல நாளாகும். வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்குள் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது நுழையும் அந்தச் சில நொடிகளைத்தான் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில், கிரீஸ் பென்சில் என்ற வரைகருவியால் படம் படமாகக் கையால் வரைந்து வருகிறேன். நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் சட்டங்கள்), ஒரு படம் இரண்டு ஃபிரேம் நிற்கும் என்று வைத்தால், 9 நொடிக்கு 108 படங்கள் வேண்டும். 84 முடித்திருந்தேன்.

முதல் 2 நொடிகளை மட்டும் தனிக்கோப்பாக்கி வண்ணம் தீட்டிப் பார்க்க நினைத்து, அவற்றுக்குரிய 24 படங்களை விட்டுவிட்டு மீதி 60-ஐ நீக்கினேன். வேறு பெயரில் சேமிக்க வேண்டிய இடத்தில், கைப்பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டேன். அப்போதுகூட எல்லாம் போய்விடவில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய கோப்பு, பெயரின் முடிவில் 1 என்ற எண்ணுடன் காப்புப் படியாக அதே கோப்புறையில் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் இயல்பான அமைப்பில் அப்படி ஒரேயொரு படிதான் இருக்கும். கரையின் வண்ணத்தைச் சற்று மாற்றியபின் இரண்டாம் முறையும் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியபோது, அந்தப் படியின் இடத்திலும் வெட்டுப்பட்ட கோப்பே வந்து உட்கார்ந்தது. மென்பொருளை மூடியதும் அன்டூவுக்கும் வழியில்லை. மறுநாள் காலை, ஃபிரேம்கள் வரிசையாகத் தெரியும் டைம்லைனில் 48-ஆம் ஃபிரேமுக்கு அப்பால் வெறுமையைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

தப்பியது ஒன்றுதான்: முந்தைய வாரம் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய 5 நொடிச் சோதனை வீடியோ. அதைப் பின்னணியில் மங்கலாக வைத்து அதன்மேல் வரையலாம் என்றுதான் தொடங்கினேன். ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், என் தண்ணீர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் போவது தெரிந்தது. புதுத்தண்ணீர் அப்படி வராது. ஒரு வெடிப்பின் விளிம்பில் தயங்கி நிற்கும், உள்ளே இறங்கி அதை நிரப்பும், குமிழிகள் மேலே வரும், அதன் பிறகே நுனி திரண்டு சட்டென்று அடுத்த வெடிப்புக்குப் பாயும். ஆகவே பழைய கோடுகளைப் பின்பற்றாமல், தண்ணீர் நிற்கும் இடங்களை முதன்மைப் படங்களாக முன்கூட்டியே வரைந்துவிட்டு இடைப்படங்களைப் பிறகு நிரப்பினேன். தயங்கும் இடங்களில் ஒரு படத்தை 4 ஃபிரேம்வரை நிறுத்தியதில் படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

அமைப்புகளில் காப்புப் படிகளின் எண்ணிக்கையை 10 ஆக்கிவிட்டேன். எதையாவது நீக்கும் முன் கோப்பை வரிசை எண்ணுடன் புதிதாகச் சேமிக்கிறேன்; இரவில் பென்டிரைவுக்கும் ஒரு படி போகிறது. இன்றைய கோப்பின் எண் 17. தண்ணீர் மதகடி வரை வந்துவிட்டது. வளையிலிருந்து நண்டு வெளியேறிக் கரையேறும் கடைசி ஒன்றரை நொடிதான் பாக்கி.