கார்டைத் தவிர எதுவும் மாறக் கூடாது

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் எது வேகம் என்று பார்க்க, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி அதே கேமை ஓட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மற்றது எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலையே இருக்கிறது. நாம் சொல்லும் எண்ணை நம்பி ஒருவர் முப்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்கப்போகிறார். அது அவருடைய ஒரு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம். அதனால் இதில் நான் கறாராக இருக்கிறேன்.

முதலில் சூடு. கார்டு குளிர்ந்திருக்கும்போது கிளாக் ஸ்பீடு, அதாவது அதன் சிப் ஓடும் வேகம், மேலே நிற்கும். சூடேறச் சூடேற மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு எடுத்த எண், ஆடுபவருக்கு முதல் சில நிமிடங்கள் மட்டுமே கிடைக்கும். அதனால் கால் மணி நேரம் கேமை ஓடவிட்டு, கிளாக் நிலையாக நின்ற பிறகே பதிவைத் தொடங்குவேன். கேபினட்டின் பக்கக் கதவு மூடியே இருக்கும். கத்திரி வெயிலில் ஒரு கார்டைப் பகல் ஒரு மணிக்கும், இன்னொன்றை ராத்திரி ஏசி போட்டும் சோதித்து ஒப்பிடுவது அநியாயம். அறை வெப்பத்தையும் குறித்து வைக்கிறேன்.

அடுத்து, எந்த இடத்தில் ஓட்டுவது. சைபர்பங்க் 2077 கேமுக்கு உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க், அதாவது வேகம் அளக்கும் சோதனை, இருக்கிறது. வசதியானது, ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி. ஆனால் அந்த எண்ணை மட்டும் நான் நம்புவதில்லை. அந்த கேமின் டாக்டவுன் பகுதியில் கூட்டம் நெரியும் ஓரிடத்தில் சேவ் செய்து வைத்திருக்கிறேன். அதே சேவ், அதே தெரு, அதே திருப்பங்கள், ஒரு நிமிட நடை. எதிரில் வரும் ஆட்கள் மாறுவார்கள் என்பதால் குறைந்தது மூன்று முறை நடக்க வேண்டும். அதற்கு முன் நடக்கும் முதல் நடை இந்த மூன்றில் சேராது. ஷேடர் எனும் படம் வரையும் சிறு நிரல்கள் கம்பைல் ஆவதும் ஃபைல்கள் ஏறுவதும் அதில் கலந்துவிடும். மூன்றில் ஒன்று தனியே விலகி நின்றால் பின்னால் என்ன ஓடியது என்று தேடுவேன். பெரும்பாலும் ஏதோ ஒரு அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும்.

சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு வினாடியில் 99 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 8 மில்லிவினாடியில் வந்துவிட்டன, கடைசி ஒன்று 208 மில்லிவினாடி எடுத்தது என்று வையுங்கள். மொத்தம் 100 ஃபிரேம், 100 எஃப்பிஎஸ். ஆனால் ஆடுபவன் கண்ணுக்குப் படம் சட்டென்று நின்று கிளம்பியிருக்கும். தி டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் 2011லேயே ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தை அளந்து காட்டினார். இன்று அதை அளக்கும் பிரசன்ட்மான், கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு விஷயம்: மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் 1% லோ என்ற எண்ணை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. இரண்டு கார்டையும் ஒரே மென்பொருளில்தான் அளக்க வேண்டும்.

எண்ணோடு படத்தையும் பார்க்க வேண்டும். 2001ல் ஏடிஐ ரேடியான் 8500 கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), குவேக் 3 கேமைப் பெயரை வைத்தே அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. ஃபைலில் ‘குவேக்’ இருந்த இடத்தில் ‘குவாக்’ என்று மாற்றியதும் வேகம் இறங்கியது, படம் தெளிவானது. இன்று வேறு வடிவம்: கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பியதும் சில கேம்கள் சத்தமில்லாமல் மங்கலான டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படத்தை) காட்டும், எஃப்பிஎஸ் அப்படியே இருக்கும். 8, 16 ஜிபி என இரண்டு வகையிலும் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ மாதிரி கார்டுகளில் எண்ணை மட்டும் போட்டால் வாங்குபவருக்குப் பாதி உண்மைதான் போய்ச் சேரும். சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டு எடுத்த எண்களுக்கும் என்னிடம் தனி அட்டவணைதான். இடையில் ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷனுக்கு அதிலும் தனி.

கடைசியாகப் பிராசசர். கார்டு வேலையில்லாமல் பிராசசருக்காகக் காத்திருந்தால் நாம் அளப்பது பிராசசரைத்தான். அதனால் கிடைப்பதிலேயே வேகமான பிராசசரோடு சோதிப்பது வழக்கம், அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்று இன்டெல் ஆர்க் பி580 கார்டு காட்டியது. 2024 டிசம்பரில் 12 ஜிபியோடு 249 டாலருக்கு வந்தது. உயர்ரகப் பிராசசரில் ஆர்டிஎக்ஸ் 4060ஐப் பல கேம்களில் முந்தியது. அடுத்த சில வாரங்களில் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு, ஹார்ட்வேர் கனக்ஸ் யூடியூப் சேனல்கள் பழைய ரைசன் பிராசசர்களில் மாட்டிப் பார்த்தபோது, சில கேம்களில் அதன் வேகம் 4060ஐவிட அதிகமாகச் சரிந்தது. டிரைவர் பிராசசரிடம் வாங்கும் வேலை கூடுதல் என்பதுதான் காரணம். பட்ஜெட் கார்டு வாங்குபவர் வீட்டில் இருப்பது அந்தப் பழைய பிராசசர்தானே!

அதனால் பட்ஜெட் கார்டு எது வந்தாலும் இரண்டு சுற்று வைக்கிறேன். முதல் சுற்று வேகமான பிராசசரில். அப்புறம் பழைய ரைசன் 5 3600 பிராசசரும், கார்டை மாட்டப் பழைய பிசிஐஇ 3.0 இணைப்பும் உள்ள போர்டில், அதே சேவ் ஃபைல், அதே டிரைவர், அதே தெரு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே படத்தில் வரும். கேம் பேட்ச் எண், டிரைவர் எண், ரேம் வேகம், ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் முழு மெமரியையும் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) ஆனா ஆஃபா என்பதெல்லாம் கீழே இருக்கும். உங்கள் வீட்டில் வேறு எண் வந்தால் அந்த விவரங்களோடு எழுதி அனுப்புங்கள். திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.