65 மணல் மூட்டைகள்

ஜெர்மனியில் நான்கு பேர் மட்டும் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் 2016இல் வேலைக்குச் சேர்ந்தேன். இருவர் உட்காரும் அல்ட்ராலைட், அதாவது மிக இலகுவான குட்டி விமானம் ஒன்றை வரைந்து, கட்டி, பறக்க அனுமதி வாங்க வேண்டும். இறக்கையின் வடிவத்தோடு மல்லுக்கட்டப் போகிறேன் என்று நினைத்துத்தான் போனேன். கடைசியில் மல்லுக்கட்டியது தராசோடு.

அப்போதைய விதிப்படி, பாராசூட்டோடு சேர்த்து மொத்த எடை 472.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிடும் வேகம், மணிக்கு 65 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களே இறக்கையின் அளவை முடிவு செய்துவிடும். எங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 13 சதுர மீட்டர். அழகெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆளுக்கு 85 கிலோ என்று இருவர், 50 லிட்டர் பெட்ரோலுக்கு 36 கிலோ. கழித்தால் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் எஞ்சின் முதல் சக்கரம் வரை எல்லாமே 266 கிலோவுக்குள் அடங்க வேண்டும். முதல் விமானத்தை மூன்று தராசுகளில் ஏற்றிய அன்று 285 காட்டியது. தராசு தப்பாக இருக்கும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். தப்பு எங்களுடையதுதான். எபாக்ஸி பசை கொஞ்சம், ஒயர் கொஞ்சம், சீட்டு மெத்தை கொஞ்சம். ஆளாளுக்கு ஒரு கை உப்பு போட்ட குழம்பு.

அதிலும் வால் பக்கம் மேடுபள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியும் பெயிண்டும் எடை மையத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டன. சீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரியை எஞ்சின் பக்கம் கொண்டுபோய் வைத்துச் சமாளித்தோம். நல்லவேளை, இருக்கைகள் அருகருகே. ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் மையம் பெரிதாக நகராது. முன்னும் பின்னுமாக வைத்திருந்தால் திண்டாடியிருப்போம்.

சரி, 19 கிலோவை எப்படிக் குறைத்தோம்? குறைக்கவே இல்லை. 2019இல் ஜெர்மனி எடை வரம்பை 600 கிலோவாகவும், ஸ்டால் வேகத்தை 83 கிலோமீட்டராகவும் உயர்த்தியது. எங்கள் திறமை எதுவும் அதில் இல்லை.

ஆனால் 600 கிலோ என்றால் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே! கார்பன் அடுக்குகளைக் கூட்டிப் புது ஸ்பார் போட்டோம். விமான எடையைப் போல் 4 மடங்கு, அதற்கு மேல் பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு. ஆக 6 மடங்கு சுமையை 3 விநாடியாவது தாங்க வேண்டும். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும்; மணல் கீழேதான் அழுத்தும். அதனால் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலில் காய்ந்தது போலிருக்க தெர்மகோல் கூடாரத்துக்குள் 54 டிகிரிக்குச் சூடேற்றி, 25 கிலோ மணல் மூட்டைகளை அடுக்கினோம். ஒரு பக்கத்துக்கு 65 மூட்டை. ஐம்பதைத் தாண்டியதும் யாரும் பேசவில்லை. அறுபத்தோராவது மூட்டையில் 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்தால், கூடாரத்தின் தெர்மகோல் ஒன்று உடைந்திருந்தது.

கடைசி மூட்டை ஏறியதும் மூன்றுக்குப் பதில் பத்து வரை எண்ணினோம். மூட்டைகளை இறக்கிய பிறகு இறக்கை நுனி, அது முதலில் நின்ற உயரத்தைக் குறிக்கச் சுவரில் போட்டிருந்த பென்சில் கோட்டுக்கு 4 மில்லிமீட்டர் கீழே நின்றது. அந்த 4 மில்லிமீட்டருக்கு விளக்கம் எழுதவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.