அகதிகள் பாடம்: பையைக் கட்டச் சொன்னால் போதுமா?

ஜூன் 20 உலக அகதிகள் நாள். வகுப்பில் செய்ய எளிதானது 'பை கட்டும்' பயிற்சி: பத்து நிமிடத்தில் வீட்டை விட்டுக் கிளம்பணும், ஒரு புத்தகப் பை, ஏழே பொருள். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஏற்றது. ஆனால் அப்படியே விட்டால் சுற்றுலாப் பட்டியல் ஆகிவிடும். சார்ஜர், பிஸ்கட், கிரிக்கெட் மட்டை என்று எழுதி வைப்பார்கள். முடித்ததும் இரண்டு கேள்வி போடுங்கள். பிறப்புச் சான்றிதழை யார் எடுத்தீர்கள்? பாட்டியின் மாத்திரையை? பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து வரைபடம். இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான். அங்கே நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள் பலருக்கு மண்டபம் முகாம்தான் முதல் இடம். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

வகுப்பில் முகாம் பிள்ளை இருந்தால், "நீ சொல்லு" என்று எழுப்பி நிறுத்தவே கூடாது. பெரும்பாலும் இங்கேயே பிறந்த பிள்ளை; படகு தாத்தா காலத்துக் கதை.

புதிதாகச் சேரும் பிள்ளைக்குத் துணையாக இருவரைப் போடுங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவர் லீவு போட்ட அன்று மதியச் சாப்பாட்டில் புதுப் பிள்ளை தனியாக நிற்கும். முதல் நாளே கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் காட்டிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை இலங்கைத் தமிழில் 'கதைக்கிறேன்' (பேசுகிறேன்), 'பேனை' என்றால் சிரிப்பு கிளம்பும். அதட்டினால் சிரிப்பு வராந்தாவுக்குப் போகும், அவ்வளவுதான். கரும்பலகையில் பேனை–பேனா, பாண்–பிரெட் என்று எழுதி, பக்கத்திலேயே நெல்லையின் 'ஏலே', கொங்கின் 'ஏனுங்க' இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.