மேஜர் மாத்தினது, அந்த மூணு ரீடிங்னால

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பொண்ணு போன் பண்ணா. "அண்ணா, எனக்கு இந்த மேஜர் வேணாம்னு தோணுது, ஆனா ஒன்றரை வருஷம் போயிடுச்சே"ன்னு சொன்னவ அதுக்கு மேல பேச முடியாம அழுதுட்டா. மேஜர்னா காலேஜ்ல நாம எடுத்துப் படிக்கற முக்கியப் பாடம். ஒரு மணி நேரம் பேசினோம். அவகிட்ட சொன்னது கொஞ்சம், சொல்லாம விட்டது நிறைய, அதான் இங்க எழுதி வைக்கிறேன். அவள மாதிரி இன்னும் யாராவது தூங்காம இருந்தா அவங்களும் படிக்கட்டும்.

நான் கெமிஸ்ட்ரில சேர்ந்து ரெண்டாவது வருஷம் முடியறப்போ ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு, அதாவது புள்ளியியலுக்கு மாறினவன். எப்ப தெரிஞ்சதுன்னு கேட்டா எனக்கு அந்த லேப் டேபிள்தான் ஞாபகம் வரும். டைட்ரேஷன், ஆசிட் எவ்ளோ இருக்குன்னு அளக்கற சோதனை. கீழ ஃப்ளாஸ்க்ல ஆசிட், அதுல நிறம் மாறிக் காட்டறதுக்கு ரெண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன், மேல ப்யூரெட்ங்கிற அளவு போட்ட கண்ணாடிக் குழாய்ல சோடியம் ஹைட்ராக்சைடு. ஒரு கையால ஃப்ளாஸ்க்க சுத்திக்கிட்டே இன்னொரு கையால திருகி சொட்டு சொட்டா விடணும், சொட்டு விழுந்த இடத்துல பிங்க் வந்து வந்து மறையும், மறையாம லேசா நின்னுச்சுன்னா அங்கயே நிறுத்திடணும். அதுவரைக்கும் ப்யூரெட்லேர்ந்து எவ்ளோ இறங்கியிருக்குங்கிறதுதான் ரீடிங். முதல் ரீடிங் 24.6, அடுத்தது 24.8, மூணாவது 24.7. கூட இருந்தவங்க எல்லாரும் எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் அதே ப்யூரெட், அதே ஆசிட், அதே கை, அப்புறம் ஏன் மூணும் வேற வேற வருது, இருபது தடவ பண்ணா இந்த நம்பரெல்லாம் எப்படி பரவி நிக்கும், எத்தன தடவ பண்ணா இந்த சராசரிய நம்பலாம்னு ரெக்கார்ட் நோட்டோட கடைசிப் பக்கத்துல கிறுக்கிட்டு இருந்தேன். அந்த பிங்க் எதனால வருதுன்னு தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசை மட்டும் வரவே இல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாராவாரம் இதேதான்.

ஆனா அப்பவும் என்னை நானே நம்பல. ஏன்னா அதே செமஸ்டர்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரில மார்க் ரொம்ப கம்மி. கஷ்டமா இருக்குன்னு ஓடுறேனா, இல்ல நிஜமாவே மனசு வேற பக்கம் இழுக்குதான்னு பல நாள் குழம்பினேன். மேஜர் மாத்த நினைக்கிற எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான்னு நினைக்கிறேன். எனக்கு வழி கிடைச்சது எப்படின்னா, மார்க் போன பேப்பர விட்டுட்டு நல்லா மார்க் வந்த பேப்பர எடுத்து யோசிச்சேன். இனார்கானிக்ல எனக்கு நல்ல மார்க். வாத்தியாரும் அருமையான வாத்தியார். அந்தப் பேப்பர் முடிஞ்சப்போ எனக்கு வந்தது "அப்பாடா முடிஞ்சது"ங்கிற நிம்மதி மட்டும்தான், இன்னும் கொஞ்சம் படிக்கலாமேன்னு ஒரு நாளும் தோணல. நல்லா போன இடத்துலயே ஆசை இல்லன்னா பிரச்சன மார்க்ல இல்ல. சித்தி பொண்ணு இதே கேள்விக்கு வேற பதில் சொன்னா. போன வருஷம் ஒரு பேப்பர் அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம், இந்த செமஸ்டர்ல ஒரே ஒரு கிளாஸ்தான் உயிர வாங்குதாம். அப்படின்னா உடனே மாத்தாத, பொறுன்னு சொன்னேன்.

இன்னொண்ணு, முதல் வருஷப் பாடத்த வச்சு எந்தத் துறையையும் முடிவு பண்ணாதீங்க. முதல் வருஷம் எல்லாத் துறையிலயும் அடித்தளம் போடற வேலைதான், வறட்சியா இருக்கும். நான் ரெண்டு டிபார்ட்மெண்ட்லயும் ஃபைனல் இயர் கிளாஸ்ல அனுமதி கேட்டு பின் பெஞ்ச்ல போய் உக்காந்தேன். பாதி புரியல. ஆனா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல புரியாதத எழுதி எடுத்துட்டு வந்து ரூம்ல தேடினேன், கெமிஸ்ட்ரி கிளாஸ்ல மணியப் பாத்துட்டு இருந்தேன்.

"ஒன்றரை வருஷம் போயிடுச்சே"ங்கிறதுக்கு வரேன். ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு பேர் 1985ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாடகத்துக்கு சீசன் டிக்கெட் வாங்கினவங்கள்ல சிலருக்கு முழு விலை, சிலருக்கு அவங்க எதிர்பார்க்காமலே தள்ளுபடி. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா சீசனோட முதல் பாதில முழு விலை குடுத்தவங்கதான் அதிகமா போயிருக்காங்க, காசு குடுத்தாச்சேன்னு. போன வருஷங்கள நினைச்சு நாம உக்காந்திருக்கறதும் இதேதான். மாறினாலும் மாறாட்டியும் அது திரும்பி வராது. கணக்குப் போட வேண்டியது இனிமே வரப்போறத மட்டும்.

அந்தக் கணக்க பேப்பர்ல போடுங்க, மனசுல போட்டா பயம் பெருசாக்கிக் காட்டும். ஒவ்வொரு பாடம் முடிக்கறப்பவும் கிடைக்கற புள்ளிதான் க்ரெடிட், அதுல எத்தன புது மேஜர்ல செல்லும்னு ஆபீஸ்ல எழுத்துல வாங்குங்க. ஆனா க்ரெடிட் எண்ணிக்கைய விட முக்கியமானது எந்தப் பாடத்துக்கு முன்னாடி எந்தப் பாடம் முடிக்கணும்ங்கிற வரிசை. எனக்கு முக்கால்வாசி க்ரெடிட் செல்லும்னாங்க, சந்தோஷமா வந்துட்டேன். அப்புறம் பாத்தா லீனியர் ஆல்ஜீப்ரான்னு ஒரு கணக்குப் பாடம் முடிக்காம அடுத்த ரெண்டு பேப்பர எடுக்க முடியாது, அது வருஷத்துக்கு ஒரு தடவதான் நடக்கும். அந்த ஒரு பாடத்தால எனக்கு ஒரு வருஷம் கூடுச்சு. ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவங்க அது எத்தன செமஸ்டருக்கு வரும்னு இதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

மாறறது ஏதோ அவமானம்ங்கிற நினைப்பு வேற. அமெரிக்காவுல 2011-12ல காலேஜ் சேர்ந்தவங்கள அங்க இருக்கற அரசு கல்விப் புள்ளிவிவர மையம் பின்தொடர்ந்து பாத்ததுல, மேஜர் எடுத்தவங்கள்ல மூணு வருஷத்துக்குள்ள ஏறக்குறைய 30 சதவீதம் பேர் ஒரு தடவையாவது மாத்தியிருக்காங்க, கணிதம் எடுத்தவங்கள்ல பாதிக்கும் மேல. வெங்கி ராமகிருஷ்ணன் 1976ல இயற்பியல்ல பிஎச்டி முடிச்சிட்டு அதுக்கப்புறம் உயிரியல மறுபடி மாணவரா உக்காந்து படிச்சவர், 2009ல நோபல் கிடைச்சது வேதியியல்ல. அவர சொன்னது நோபலுக்காக இல்ல, பிஎச்டிக்கு அப்புறமும் ஒருத்தர் அடிப்படைப் பாடத்துல போய் உக்காரலாம்ங்கிறதுக்காக.

அப்பாகிட்ட சொன்ன நாள் மறக்காது. நான் கனவு, ஆர்வம்னு என்னென்னவோ தயார் பண்ணி வச்சிருந்தேன், அவர் எதுவும் கேக்காம "எவ்ளோ நாள் அதிகமாகும், எவ்ளோ செலவாகும்"னு மட்டும் கேட்டார். பையில இருந்து அந்தக் கணக்குப் போட்ட பேப்பர எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சார். லீனியர் ஆல்ஜீப்ரான்னு போட்டிருந்த இடத்துல நிறுத்தி, "இத மட்டும் லீவுல முடிக்க முடியாதா?"ன்னு கேட்டார். முடியாதுன்னேன். சரின்னு மடிச்சு அவர் பாக்கெட்லயே வச்சுக்கிட்டார்.

சித்தி பொண்ணு நாளைக்கு ஃபைனல் இயர் கிளாஸ் ரெண்டுல உக்காரப் போறா, ஒண்ணு அவ டிபார்ட்மெண்ட், இன்னொண்ணு அவ போகணும்னு நினைக்கிற இடம். சாயங்காலம் போன் பண்றேன்னு சொல்லியிருக்கா.