கரைக்கணக்கு

2025 மார்ச் 17, திங்கள்

அப்பாவை நேற்று மாலை மண்டாயில் தகனம் செய்தோம். சனிக்கிழமை அதிகாலையில் உறக்கத்திலேயே போய்விட்டார், 84 வயது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததில் அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

தமிழ் முரசு நாளிதழுக்குக் கொடுக்க வேண்டிய மரண அறிவித்தலை எழுதியவள் அண்ணன் மகள். 26 வயதுப் பெண். அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம், வீட்டில் தாயோடு மாண்டரின். ஆனாலும் மைத்துனர் யார், சம்பந்தி யார், யார் பெயருக்குப் பின் யார் பெயர் வரவேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. தன் தாயின் பெயருக்கு முன்னால் "மூத்த மருமகள்" என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்துவிட்டு, "மூத்தவதானே, வேற எப்படிப் போடுறதாம்?" என்றார். 1997இல் இந்த வீட்டில் அந்த வரியை எழுத ஒருவருக்கும் துணிவு வந்திருக்காது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு நாளும் வந்தவர்கள் எல்லாரும் அப்பாவைத் தங்கமான மனிதர் என்றார்கள். அது பொய் அன்று. ஆனால் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்த அப்பாவே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு முறை உண்டு: இறங்குகிற சரக்கைக் கப்பல் சார்பில் ஒருவர் எண்ணுவார், கரை சார்பில் இன்னொருவர் தனியாக எண்ணுவார், இரண்டும் பொருந்திய பிறகுதான் கையெழுத்து. ஊரார் சொன்னதைக் கப்பல் கணக்கு என்று வைத்துக்கொண்டால், கரைக்கணக்கை வீட்டில் இருந்தவள்தான் எழுத வேண்டும். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

2025 மார்ச் 18, செவ்வாய்

செமாக்காவ் தீவுக்குத் தெற்கே, அஸ்தி கரைப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட கடற்பகுதிக்குப் படகில் போய் வந்தோம். அண்ணனும் தம்பியும் சிவப்புத் துணி கட்டிய கலயத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்திருந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் ஓரத்தில் நின்றார். கலயம் நீருக்குள் இறங்கியதும் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்தச் சில நிமிடங்களில் தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. பதினேழு. இது அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம்.

அப்பா இந்தக் கடலுக்கு 1952இல் வந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது அவருக்குப் பதினொரு வயது. துறைமுகக் கூலியாக இருந்த தாத்தா, ஊரில் மனைவியையும் மூன்று பெண்களையும் விட்டுவிட்டு மகனை மட்டும் அழைத்து வந்தார். "உன் அக்கா தங்கச்சி கல்யாணம் உன் தோள்ல" என்று அந்தக் கப்பலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த வயதில் ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல். அப்பாவின் பிற்காலத்து வன்மம், பாசம் இரண்டும் அங்கிருந்தே தொடங்கியதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மூட்டை சுமந்தார். இரவு வகுப்பில் ஆங்கில எண்ணும் எழுத்தும் கற்று, கிடங்கில் பென்சிலும் அட்டையுமாக நிற்கும் வேலைக்கு உயர்ந்தார். கயிற்று வலையில் கட்டிய அரிசி மூட்டைகளும் ரப்பர் பேல்களும் கப்பலிலிருந்து ஊசலாடி இறங்கும்போது அவர் நான்கு கோடு கிழிப்பார். ஐந்தாவதை அந்த நான்கின் மேல் குறுக்காக இழுப்பார். 1964இல் துறைமுக வாரியம் துறைமுக ஆணையமாக மாறியது. அவர் வேலை மாறவில்லை. 1972 ஜூன் 23இல் எம்.வி. நிஹோன் 300 கொள்கலன்களோடு தஞ்சோங் பகாருக்கு வந்தது. அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பாவின் குரலில் ஓர் இழவு வீட்டுத் தொனி வந்துவிடும். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம பெட்டிய எண்ணுறதுக்குப் பேரு எண்ணுறதா?" என்று கேட்பார். வேலை போகவில்லை, அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். தான் கண்ணால் பார்த்து எண்ணிய உலகம் முத்திரையிட்ட இரும்புப் பெட்டிக்குள் போனதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 2022இல் துவாஸ் துறைமுகத் திறப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளைக் காட்டினார்கள். அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

2025 மார்ச் 23, ஞாயிறு

எழுத எதுவும் ஓடவில்லை. அப்பாவின் நீரிழிவு மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தேன். ஆறு முழுச் சட்டைகள், அத்தனையும் வெள்ளை.

2025 மார்ச் 30, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நாளை நோன்புப் பெருநாள். அத்தனை வேலைக்கு நடுவிலும் எதிர்வீட்டு மலாய் அம்மா, எங்களுக்கு மாக்சிக், ஒரு தூக்குப் பாத்திரத்தில் கெத்துப்பாட் என்ற அரிசிக்கட்டியும் தேங்காய்ப்பால் காய்கறிக் கறியும் கொண்டுவந்து, இறைச்சி சேர்க்கவில்லை என்று இருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் தஞ்சாவூரிலிருந்து சின்ன அத்தை கூப்பிட்டார். அழுது ஓய்ந்த பிறகு, "ஒன்னோட மொதச் சம்பளம் பூரா பாப்பா கல்யாணத்துக்குத்தான் வந்துச்சும்மா. அந்தப் புள்ளதான் எல்லாம் செஞ்சுதுன்னு ஒங்கப்பா வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார்.

இதை விளக்கமாக எழுத வேண்டும். 1987இல் எனக்குத் தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா அந்தக் கடிதத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். அடுத்த வாரம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தரவு தட்டச்சு செய்யும் வேலைக்கு என்னை அழைத்துப் போனார். மாதச் சம்பள உறையைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுக்க வேண்டும்; பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் எண்ணித் தருவார். எதற்காக என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு" என்றார். எந்த வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் ஒரு முட்டையை நூலால் இரண்டாக அறுத்து எனக்கும் தம்பிக்கும் வைத்த காலம் அது. நான் பின்னாளில் மாலை வகுப்புகளில் சேர்ந்து கணக்கியல் படித்து மேலே வந்தேன் என்பது வேறு கதை.

அத்தை சொன்னதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் என்னைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு சொல்கூட விழவில்லை.

அம்மாவுக்கும் இப்படி ஒரு பாக்கி உண்டு. 1996இல் அப்பா 55 வயது நிறைந்து மத்திய சேம நிதியிலிருந்து எடுக்க முடிந்த பணத்தை எடுத்தபோது, ஒரு பகுதியைக் குலதெய்வக் கோயில் திருப்பணிக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போன அம்மா, கோயில் சுவரில் பதித்த கல்லில் கணவர் பெயரையும் அதற்கு எதிரே வெட்டியிருந்த தொகையையும் பார்த்துத் தெரிந்துகொண்டார். அங்கேயே நின்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, திரும்பி வந்தபிறகு மூன்று வாரம் அப்பாவுக்கு உப்பில்லாமல் சமைத்தார்.

2025 ஏப்ரல் 12, சனி

அண்ணனைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1997இல் அண்ணன் தன்னோடு வேலை பார்த்த சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்பா சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். அறையில் அண்ணன் நுழைந்தால் எழுந்து போவார். மறு ஆண்டு என் திருமண அழைப்பிதழில் தம்பி பெயர் இருந்தது, அண்ணன் பெயர் இல்லை. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்துப் பார்த்த நான் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை. பட்டுப்புடவை எடுத்த மகிழ்ச்சியில் இருந்தேன். அப்பாவின் பக்கத்தில் எழுதுகிற பிழைகளில் இதில் மட்டும் எனக்கும் பங்கு உண்டு.

பிள்ளை பிறந்த பிறகு அம்மா இரகசியமாக அங் மோ கியோவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய் வரத் தொடங்கினார். ஒரு தீபாவளியன்று துணிந்து குழந்தையை இங்கே தூக்கி வந்துவிட்டார். அதற்கு இரண்டு வயது. அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். குழந்தை தத்தித் தத்திப் போய்ப் பத்திரிகையின் கீழ்முனையைப் பிடித்து இழுக்க, அது நடுவில் கிழிந்து பாதி அதன் கையோடு வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா தன் கையிலிருந்த மறுபாதியை ஒருமுறை பார்த்தார். பிறகு அதையும் குழந்தையிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் மகனோடு பேச்சில்லை. பேத்திக்கு மட்டும் எல்லாம். அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பிற்பகலில் பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் சிங்கப்பூரின் தமிழ் உயர்நிலைப்பள்ளியாக இருந்து 1982இல் மூடப்பட்ட பள்ளியின் பெயரைத் தாங்கிய இடம் அது. அப்பா புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி வகுப்பு முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பார். ஒரு கையில் குடை, ஒரு கையில் தேக்காவில் வாங்கிய இரண்டு வடை. ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தமிழ் முரசை விரித்து அவளை உரக்க வாசிக்கச் சொல்வார். தலைப்புச் செய்தியை அல்ல, மரண அறிவித்தல்களை. "இதுலதான் உறவு முறை எல்லாம் இருக்கு" என்பார். கொழுந்தன் என்றால் யார், ஓரகத்தி என்றால் யார் என்று கேள்வி கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். கூச்சத்தில் செத்துப் போவேன் அத்தை, என்று இன்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அங் மோ கியோ புளோக்கின் மின்தூக்கிவரை கொண்டுவந்து விடுவார். மேலே மட்டும் ஏற மாட்டார். அண்ணன் ஐந்தாம் மாடி நடைபாதையிலிருந்து எட்டிப் பார்ப்பார். அப்பா நிமிர மாட்டார்.

2013 ஜூனில் சுமத்ரா காட்டுத் தீயின் புகை வந்து நாட்டையே மூடியது. 21ஆம் தேதி காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. இன்றுவரை அதைவிட உயர்ந்ததில்லை. கடைகளில் முகக்கவசம் கிடைக்காத நாள்கள். அன்று பிற்பகல் அண்ணனின் கைத்தொலைபேசி ஒலித்திருக்கிறது. எடுத்தால் அப்பாவின் குரல்: "புள்ளைக்கு மாஸ்க் இருக்கா? எங்கிட்ட நாலு இருக்கு." பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு மகனிடம் பேசிய முதல் வார்த்தைகள். அன்று மாலையே நான்கு முகக்கவசங்களோடு ஐந்தாம் மாடிக்கு ஏறினார். அண்ணி தண்ணீர் கொடுத்தார், குடித்தார்.

மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. நேற்றுப் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் அன்றிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் நிம்மதி அடைந்தோம். அண்ணன் அடையவில்லை என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. "நாலு மாஸ்க்கை எண்ணிச் சொன்னாரே, பதினாறு வருஷத்தை ஒரு தடவை எண்ணிச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவரைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை.

2025 ஏப்ரல் 26, சனி

அலமாரியைக் காலி செய்தோம். உள்கதவில் ஒட்டியிருந்த 2011 நாள்காட்டியின் அட்டையில் பென்சில் கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று; நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மொத்தம் 43 கட்டு, ஓரத்தில் உதிரியாக மூன்று. 218.

அம்மா அவை இன்சுலின் ஊசிகள் என்கிறார். ஆனால் அப்பா ஊசி போட்டுக்கொண்டது ஒரே ஒரு மாதம். தம்பி, ஊருக்கு அனுப்பிய பணம் என்கிறான். அண்ணன் மகள் தன் பழைய கால அட்டவணையை நினைவுபடுத்திப் பார்த்து, பீட்டி சாலைக்கு வந்த நாள்களாக இருக்கலாம் என்றாள். கணக்குப் போட்டால் அதைவிடக் கூடுதலாக வருகிறது. அண்ணன் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதுவும் சொல்லாமல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். எதை எண்ணினார்கள் என்று தலைப்பு எழுதாமல் டாலி போட்டதற்காக வேலைக்கு வந்த புதியவர்களைத் திட்டியவர் அப்பா. அட்டையை அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள்.

2025 மே 3, சனி

இன்று பொதுத் தேர்தல். அப்பா இருந்தவரை வாக்களிப்பு நாளில் இந்த வீட்டுக்கு ஒரே சட்டம்: வெள்ளைச் சட்டை, ஏழரைக்கு வாசல், எட்டு மணிக்குச் சாவடி திறக்கும்போது வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நாங்கள். நான் திருமணமாகி வேறு தொகுதிக்குப் போன பிறகும் எழுப்பிவிடுவதற்குத் தொலைபேசியில் அழைப்பார்.

பழக்க தோஷத்தில் ஏழு மணிக்கே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மா இரவு உடையில் உட்கார்ந்து, கோப்பியில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பலியாம்மா?"

"மத்தியானம் போவோம். காலங்காத்தால வரிசையில நிக்கிறது எனக்கு என்னைக்குமே பிடிக்காது" என்றார்.

"இவ்வளவு வருஷமா சொல்லவே இல்லையே?"

"கேட்டாத்தானே" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு கோப்பி கலக்க எழுந்தார்.