ஒன்றரை ஷிப்ட் ஊர்

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலை எட்டரைக்கு உள்ளே வந்தவர் இரவு எட்டரைக்கு வெளியே போனால் அவர் பெயருக்கு நேரே ஒன்றரை ஷிப்ட் என்று எழுதுவோம்; எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், மேலே நான்கு மணி நேரம் அரை ஷிப்ட். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் தரச் சொன்னது. எங்கள் பதிவேட்டிலோ அது வெறும் அரை ஷிப்ட்தான். இதைப் பற்றித் தொழிலாளர் யாரும் என்னிடம் முறையிட்டதில்லை. ஆர்டர் குறைந்து ஒரே ஷிப்ட்டோடு அனுப்பிய வாரங்களில்தான் என் மேசை முன் கூட்டம் கூடியது.

முதலில் எனக்கு அது விளங்கவில்லை. காம்பவுண்டு வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம் ஆகிய எல்லாமே ஒன்றரை ஷிப்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன என்பது சனிக்கிழமைதோறும் கவர் போடப்போடத்தான் பிடிபட்டது. டெய்லருக்குக் கையாளாக உதவும் கைமடியாகச் சேர்ந்து, துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லராக உயர்ந்த பெண்கள் பலரை அறிவேன். மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன அவர்களுடைய தாய்மார், இவர்கள் ஒரு வாரத்தில் வாங்கும் தொகையை மொத்தமாகக் கையில் பார்த்திருக்கமாட்டார்கள். அதைச் சிறிதென்று சொல்பவர் பசியறியாதவர். ஆயினும் அந்த உயர்வில் ஒரு பங்கு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதாலும் வீட்டில் இருவர் மூவராக வேலைக்குப் போவதாலும் வந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளை இரவு ஒன்பது மணி வரை யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

பதிவேட்டில் வராத இன்னொரு செலவு நொய்யல் ஆற்றில் ஓடியது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயப்பட்டறைக் கழிவுநீரே தேங்கியது. தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் விபரீதம் அங்கே நேர்ந்தது. அவர்கள் நடத்திய நீண்ட வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நியாயமான தீர்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அதன் முதல் அடி விழுந்தது எங்கள் தையல் பிரிவில். துணியைச் சாயம் போட வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நூல் விலையும் அப்போது ஏறியிருந்தது. வராத துணிக்காக மெஷின்கள் காத்துக் கிடந்த அந்த வாரங்களில் பலருக்கு முழு ஷிப்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆற்றைக் கெடுத்து வந்த லாபத்தில் பங்கு பெறாதவர்கள், ஆற்றைக் காக்கும் செலவில் மட்டும் பங்கெடுத்தார்கள்.

பின்னர்ப் பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறின, ஏற்றுமதியும் மீண்டது. உள்ளூர் ஆட்கள் போதாமல் ஒடிசா, பீகார் இளைஞர்கள் வந்தார்கள். ஊரில் மனைவி மக்களை விட்டு வந்த அவர்களும் எத்தனை ஷிப்ட் கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரித்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஷிப்ட்டுக்கான கூலியைப் பேசி முடிப்பதுண்டு. எத்தனை விழுக்காடு கூட்டுவது என்றே அந்தப் பேச்சு நீளும். எட்டு மணி நேர உழைப்பில் ஒரு குடும்பம் இந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியுமா என்பதிலிருந்து அது தொடங்கி நான் பார்த்ததில்லை.